வலது சப்பாத்து

காவல் கொம்பனிக்காரன் எட்டாம் நம்பர் சப்பாத்தைத்தான் கொடுத்தான். முனாபின் கால் ஒன்பது. ஐம்பத்து நான்கு வயதுவரை சாய்ந்தமருதுக் கரையில் வெறுங்காலோடு கரைவலை இழுத்த மனிதருக்கு, தன் காலுக்கும் ஒரு நம்பர் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும். "பழகப் பழகச் சரியாயிடும் காக்கா" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வேலை தருகிறவன் இந்தக் காலத்தில் அதையும் கேட்பான்.

இடுப்பு விட்டுப்போன பிறகு முனாபை வலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கல்முனையில் ஒரு பெரிய கடை வாசலில் காலை எட்டு மணியிலிருந்து சப்பாத்தும் உள்ளே மேசு என்கிற காலுறையும் போட்டு நிற்கிற இந்த வேலையையும் விட்டால், அவருக்கு வேறு வேலை இல்லை.

வீட்டில் போட்டுப் பார்த்தார். வலது சப்பாத்து குதியைக் கடித்தது, விரல்களை நசித்தது. நாலு எட்டு வைப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. இடது சப்பாத்தோ அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. ஒரே சோடியில் ஒன்று கடிக்க மற்றது ஏன் கடிக்கவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வேலைக்குச் சேர வைத்தியர் எழுதிய துண்டு வேண்டுமென்று கொம்பனி கேட்டதால் போன வாரம் கிளினிக்குக்குப் போயிருந்தார். நேர்ஸ் சிவரூபினி அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலோன் நூலால் பாதத்தில் அங்கங்கே தொட்டாள்.

"தெரியுதா ஐயா?"

வலது காலில் தெரிந்தது. இடது காலுக்கு வந்தபோது அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"ஓம் மகள், தெரியுது" என்றார் முனாப். அவள் கேட்ட ஒவ்வொரு முறையும் அப்படியே சொன்னார். அவருடைய வாப்பாவுக்கும் இதே வருத்தம்தான். சுண்டுவிரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலோடு எடுத்தார்கள், பிறகு மையித்தை எடுத்தார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் முனாப் பொய் சொன்னார். துண்டு கிடைத்தது.

வலது சப்பாத்துக்கு மனைவி கைருன்னிஸா ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஊறப்போட்ட நெல்லு சாக்கையே உப்ப வைக்குது. இந்தத் தோல் எம்மாத்திரம்?" என்றாள். பொலித்தீன் பையில் நெல்லை நிரப்பித் தண்ணீர் ஊற்றிக் கட்டி, சப்பாத்துக்குள் திணித்து வைத்தாள். இரண்டாம் நாள் பை வெடித்து நெல் சிதறியது. வலது சப்பாத்தைக் கொட்டித் துடைத்து, காற்றில் காயவிட்டு, குதிப்பக்கம் தேங்காயெண்ணெய் தடவினாள். இடது சப்பாத்து பக்கத்திலேயே இருந்தது. அதில்தான் ஒரு குறையும் இல்லையே, அதை யாரும் பார்க்கவில்லை.

வேலைக்குப் போன முதல் நாள். வலது சப்பாத்து நன்றாகவே இளகிக் கொடுத்திருந்தது. முனாபுக்கு மனம் நிறைந்த சந்தோஷம். லுஹர் தொழுகைக்குப் போக வாசலில் மாற்றாள் இல்லை. அஸருக்குத்தான் எதிர்ப் பள்ளிவாசலுக்குப் போய், பைப்படியில் உட்கார்ந்து மேசைக் கழற்றினார். வலது குதி கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அதைக் கழுவினார். இடது மேசு காலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்தார்.

அடுத்த பைப்பில் கைகால் கழுவி வுழூ எடுத்துக்கொண்டிருந்த நஸீம், அதே கடையில் வேலை செய்பவன், திரும்பிப் பார்த்தான். "காக்கா, ரெத்தம் ஓடுது."

காலைத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் தோல் மேசோடு போயிருந்தது. பெருவிரலுக்குக் கீழே, மேசைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் இரண்டு நெல் புதைந்து கிடந்தன. காலையிலிருந்து தன் முழுப் பாரத்தையும் அவற்றின் மேல் வைத்துத்தான் நின்றிருக்கிறார்.

"இது நோகல்லயா உங்களுக்கு?"

"இல்ல" என்றார். அந்தக் காலைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது. நாளைக்குக் கிளினிக்குக்குப் போனால் வேலை போகும். போகாவிட்டால் கால் போகும். கால் போனவனை எந்த வாசலில் நிறுத்துவார்கள்? நெற்றியை நிலத்தில் வைத்த ஸுஜூதில் வேறெதுவும் கேட்க வரவில்லை. யா அல்லாஹ், எனக்கு நோவைத் தா என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்து, காயத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். யாரோ ஒருவருடைய காலை அழுத்துவது போலிருந்தது.

"சப்பாத்து எப்பிடி?" குசினிக்குள்ளிருந்து கைருன்னிஸா கேட்டாள். "நோகுதா?"

"ஒண்டும் நோகல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். நெல்லுத்தான் வேல செஞ்சிரிக்கி."

முனாப் விரலை இன்னும் ஆழமாக அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.