தெருவைத் தாண்டாத வெர்லீன்

கொஞ்சம் இப்படி நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. நாற்காலி கிடைக்காதவர்கள் படியில் உட்காரலாம், என் குரல் இப்போதெல்லாம் தூரம் எட்டுவதில்லை. எங்கள் மல்பெரி தெருவில் ஒருத்தி எதிர்வீட்டுக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததையும், அதனால் ஊரே ஆணியும் சர்க்கரையுமாக அவள் வாசலுக்கு வந்ததையும் சொல்லப்போகிறேன். பாதியில் எழுந்து போகாதீர்கள். எனக்குப் பிடித்த இடம் கடைசியில்தான் வரும்.

அவள் பெயர் வெர்லீன் டாக்கரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். நான் தெருவின் தெற்குப் பக்கம், அவள் வடக்குப் பக்கம். அவள் மகள் லனெட் என் அடுத்த வீட்டில். வாசலில் நின்று தும்மினால் மூன்று வீட்டிலிருந்தும் "கர்த்தர் காக்கட்டும்" என்று சத்தம் வரும்.

அப்படிப்பட்ட தெருவின் நடுவே ஒருநாள் கோடு விழுந்தது. எங்கள் கார்வர்ஸ் ஃபோர்டு ஊரில் பெரும்பாலோர் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவோம். மாநிலத் தலைநகரத்தில் ஆட்சியில் இருந்தது மற்றக் கட்சி. அவர்கள் தொகுதிகளைப் புதிதாக வரைந்தபோது, எங்கள் ஊரைக் கேக் வெட்டுவதுபோல் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தங்களுக்கு ஓட்டு நிறைந்த தூரத்துக் கிராமப்புறங்களோடு ஒட்டிவிட்டார்கள். வெர்லீன் ஐந்தாம் தொகுதி ஆனாள். நானும் லனெட்டும் ஒன்பதாம் தொகுதி ஆனோம். எங்கள் தபால் நிலையத்தை மூடினபோது ரெண்டு தொகுதி உறுப்பினருக்கும் எழுதிப் போட்டோம். ஒருவர், அது அடுத்த தொகுதி சமாச்சாரம் என்றார். அடுத்தவர் பதிலே போடவில்லை. எங்கள் ஓட்டு இல்லாமலே ஜெயிக்கிறவர் எங்களுக்கு எதற்குப் பதில் போடுவார்?

அந்தக் கோட்டை எதிர்த்து மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். எங்கள் வக்கீல் கோரின் ப்ளெட்ஸோ என்கிற சின்னப் பெண். எந்தத் தொகுதியை எதிர்க்கிறோமோ அந்தத் தொகுதியில் குடியிருக்கிற ஒருவர் வழக்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் துண்டு வழக்கிலிருந்து விழுந்துவிடும் என்று அவள் சொன்னாள். ஐந்தாம் தொகுதியிலிருந்து வழக்குக்குப் பெயர் கொடுத்தவர்கள் ரெண்டே பேர். ஒருவர் பேரப்பிள்ளைகளோடு அட்லாண்டா போய்விட்டார். புது ஆள் சேர்க்கும் தேதியும் முடிந்துபோயிற்று. மிச்சம் வெர்லீன்தான்.

"மிஸ் வெர்லீன், தீர்ப்பு வர்ற வரைக்கும் எந்தக் காரணத்துக்காகவும் வீடு மாறிடாதீங்க," என்றாள் கோரின்.

"நான் எங்க மாறப்போறேன் கண்ணு? இந்த வீட்டை விட்டு நான் போறது ஒரே ஒரு தடவைதான். அன்னிக்கு என்னை நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்க," என்றாள் இவள்.

இலையுதிர் காலத்தில் புயல் வந்தது. வெர்லீனின் கொல்லைப்புறத்தில் நின்ற பெரிய பீக்கன் கொட்டை மரம் அப்படியே சாய்ந்து, படுக்கையறைக் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கிவிட்டது. நல்ல வேளை, அப்போது அவள் சமையலறையில் பன்றித் தொடை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மின்சாரம் போயிற்று, போனும் செத்தது. பாலத்து மேல் தண்ணீர் ஓடியதால் ஊருக்குள் வர வழியும் இல்லை.

காற்று அடங்கினதும் லனெட் ஓடினாள், பின்னாலேயே நானும் போனேன்.

"அம்மா, குளிர்ச்சட்டையைப் போடுங்க. நம்ம வீட்டுக்குப் போலாம்."

"நான் வரல."

"வீட்டுக்குள்ள மரம் நிக்குதும்மா."

"சமையலறைக்குள்ள நிக்கலியே. தெருவைத் தாண்டினா நான் தொகுதியைத் தாண்டினவ ஆயிடுவேன்டி. அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு? எந்தக் காரணத்துக்காகவும்னு சொல்லிச்சு. மரம் ஒரு காரணம்தானே?"

"ஒரு ராத்திரி தூங்கினா எவன் வந்து பாக்கப்போறான்?"

"கோர்ட்ல கையைத் தூக்கி சத்தியம் பண்ணணும். எவன் பாக்காட்டியும் நான் பாத்திருப்பேன்ல?"

லனெட் என்னைப் பார்த்தாள். "மிஸ் அர்டெல், நீங்களாவது சொல்லுங்க."

சொன்னேன். "வெர்லீன், உனக்கு நெஞ்சுச் சளி பிடிச்சா வழக்கை யார் நடத்துறது?"

"நீ எனக்கு சூப்பு கொண்டா. நான் நடத்துறேன்," என்றாள்.

அடுப்புப் பக்கத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டு, ஒழுகலுக்குத் தலைக்கு மேல் ஒரு குடையைக் கட்டிக்கொண்டு, அங்கேயே இருந்துவிட்டாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. அவளுக்கு இருமல் பிடித்தது. லனெட் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, "எங்கம்மாவை ஒரு கோட்டுக்குப் பறிகொடுக்கப்போறேன்," என்று அழுதாள். ஆளை நகர்த்த முடியாது என்றால் கூரையைத்தானே நகர்த்த வேண்டும்? அப்போதுதான் எனக்குப் பவுண்டு நாள் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் புதுப் போதகர் வந்தாலோ, புதுத் தம்பதி குடித்தனம் வைத்தாலோ, வீட்டுக்கு ஒரு பவுண்டு ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்போம். மாவு, வெண்ணெய், அவரை விதை, எதுவானாலும் ஒரு பவுண்டு. புதிதாகக் கூரை தேவைப்படுகிறவளும் புதுக் குடித்தனக்காரிதானே என்று நான் வீடு வீடாகச் சொல்லிவைத்தேன். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வர ஆரம்பித்தார்கள். சர்க்கரை வந்தது, காப்பித்தூள் வந்தது. தேவாலய மூப்பர்கள் ரெண்டு பேர் மெஷின் ரம்பத்தோடு வந்து மரத்தைத் துண்டு போட்டார்கள். ஆனால் கூரை ஏறத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அப்போது ராய்ஸ் ஹெட்ஜ்பெத் வந்தார். தெருக்கோடி வீட்டுக்காரர்; நாங்கள் கறுப்பர்கள், அவர் வெள்ளைக்காரர். தேர்தல் வந்தால் அவர் புல்தரையில் ஆளுங்கட்சிப் பலகைதான் நிற்கும், அதுவும் தெருவிலேயே பெரிய பலகை. ஒரு கையில் ஒரு பவுண்டு ஆணி, தோளில் ஏணி.

வெர்லீன் வாசலுக்கு வந்து இருமிக்கொண்டே கேட்டாள். "ராய்ஸ், நான் எதுக்கு இந்த வீட்டை விட்டு நகராம உக்காந்திருக்கேன்னு தெரியுமா?"

"தெரியும், மிஸ் வெர்லீன்."

"உன் கட்சி போட்ட கோட்டை அழிக்கத்தான்."

"அதுவும் தெரியும். ஏணியை எங்க சாத்தட்டும்?"

"தெரிஞ்சேவா வந்தே?"

"நான் என் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன். உங்க கூரைக்கு எதிரா எங்கயும் ஓட்டுப் போட்டதா ஞாபகம் இல்ல." அவர் ஆணியை அவள் கையில் வைத்தார். "இன்னொன்னும் சொல்றேன். எங்காளு நான் போட்டாலும் ஜெயிக்கிறார், நான் வீட்ல தூங்கினாலும் ஜெயிக்கிறார். தபால் நிலையத்துக்காக நானும்தான் எழுதினேன். எனக்கும் பதில் வரல."

வெர்லீன் ஆணியைக் கையில் எடைபோட்டுப் பார்த்தாள். பிறகு, "பின்பக்கம் சாத்து. முன்பக்கம் ரோஜாச்செடி இருக்கு, மிதிச்சே, தொலைச்சிடுவேன்," என்றாள்.

அந்த வாரம் முழுக்க ராய்ஸ் மேலே ஆணி அடித்தார். எங்கள் தேவாலயத்து ஆண்கள் கீழே இருந்து பலகை தூக்கிக் கொடுத்தார்கள். பெண்கள் கெளுத்தி மீன் பொரித்தோம். கடைசிப் பலகை அடிக்கிற நேரத்தில் தண்ணீர் வடிந்து, கோரினின் சேறு படிந்த கார் வந்து நின்றது. நடந்ததை லனெட் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கோரின் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ மிஸ் வெர்லீன். வீடு மாறாதீங்கன்னுதான் சொன்னேன். புயலுக்கு மக வீட்ல போய் இருந்தா அது மாறினதாகாது. திரும்பி வர்ற எண்ணம் இருந்தா இதுதான் உங்க வீடு. மாசக்கணக்கா இருந்திருந்தாலும் வழக்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

மீன் சட்டியில் கரண்டி நின்றது. மேலே சுத்தியல் சத்தமும் நின்றது.

"அப்ப இந்தக் குடை?" என்றாள் லனெட். அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

வெர்லீன் ஒவ்வொருவராகப் பார்த்தாள், மீன் சட்டியைப் பார்த்தாள், புதுக் கூரையைப் பார்த்தாள். "போன் செத்துக் கிடந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு," என்றாள் மெதுவாக. "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் மக வீட்ல சௌக்கியமா தூங்கியிருப்பேன். எனக்கு இத்தனை பேர் இருக்காங்கன்னு தெரியாமலே செத்திருப்பேன்."

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அவளைக் கேட்டார். "புயலில் உங்கள் வீடு சேதமானது உண்மைதானே? அப்போது எதிர்ப்பக்கத்து மகள் வீட்டில்தானே இருந்தீர்கள்?"

"இல்லைங்க ஐயா. குடைக்குக் கீழே இருந்தேன். சந்தேகம்னா ராய்ஸைக் கேளுங்க, கூரை போட்டது அவர்தான். அதோ மூணாவது வரிசை. உங்க கட்சிக்காரர்தான்."

ராய்ஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். நீதிபதி எதையோ குனிந்து தேடுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

குளிர் விடுவதற்குள் தீர்ப்பு வந்தது. அந்த வரைபடம் செல்லாது, புதிதாக வரைய வேண்டும் என்றார்கள். புதுக் கோடு ஆற்றங்கரையை ஒட்டிப் போயிற்று. எங்கள் ஊர் மறுபடி ஒரே துண்டானது. அந்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் வெர்லீன் எழுந்தாள். நீதிபதிக்கு நன்றி சொன்னாள், கோரினுக்குச் சொன்னாள், பிறகு மாவு கொடுத்தவர், சர்க்கரை கொடுத்தவர் என்று போய்க்கொண்டே இருந்தாள். போதகர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்த தேர்தலில் தெருவின் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வேட்பாளர்கள். ஓட்டுச்சாவடிக்கு நானும் வெர்லீனும் கிளம்பும்போது ராய்ஸ் தன் பெரிய பலகையைத் தாண்டி எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார்.

"நீ போடுற ஓட்டை அழிக்கத்தான் நான் போறேன், ராய்ஸ்," என்றாள் வெர்லீன்.

"நானும் அதுக்குத்தான் வர்றேன், மிஸ் வெர்லீன். பள்ளம் இருக்கு, கையைப் பிடிச்சுக்குங்க."

அவள் பிடித்துக்கொண்டாள். மூன்று பேருமாகத் தெருவைத் தாண்டினோம்.

உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும், கண்ணுகளா. ஒழுகினாலும், ஏணியைத் தூக்கிக்கொண்டு வர உங்கள் தெருவில் ஓர் ஆள் இருக்கட்டும். அவர் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் சரி, உங்கள் அடுப்பில் அவருக்கும் ஒரு துண்டு மீன் எப்போதும் பொரிந்துகொண்டிருக்கட்டும்.