அம்மா சிரித்த படம்

“ஏம்மா, வேலைநிறுத்தம்னு எல்லாரையும் கூட்டி வாசல்ல உக்கார வச்சிருக்கே. ஆலைப் புகைபோக்கியில மட்டும் ஜோரா புகை வருதே?”

“புகைதானேடி வருது? வரட்டும்.”

“அந்த பாய்லர்காரர் தினமும் உள்ள போறாரு. எல்லாரும் காறித் துப்புறாங்க. நீ மட்டும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறே.”

“வெந்நீர் ஆறுது. போய்க் குளி.”

அன்றைக்கு அம்மாவின் வாயிலிருந்து அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. மேடையேறினால் மடை திறந்த மாதிரி பேசுகிறவள், அப்பா இல்லாத அந்த வீட்டில் அந்த மனிதரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். மகளின் மனசில் அப்போது விழுந்த உறுத்தல், அம்மாவே போய்ச் சேர்ந்த பிறகும் போகவில்லை.

இன்று சங்க அலுவலகத்தில் அம்மாவுக்கு நினைவுக் கூட்டம். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் ஆலை அது. பிள்ளைத்தாய்ச்சிகளை நீராவி இஸ்திரியில் நிறுத்தக் கூடாது என்று போராடி ஜெயித்தவள் அம்மா. அந்த ஜெயத்தின் மேல்தான் இப்போது சேறு விழுந்துகொண்டிருந்தது. ‘கம்பெனிக்காரன் சும்மாவா இறங்கி வந்தான்? பாய்லர்காரன் மூலமா உள்ளுக்குள்ள பேரம் படிஞ்சிருக்கும்’ என்று காதோடு காதாகப் பேச்சு. கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டுவிட்டால்? காலையிலிருந்து மகளுக்கு அதே கவலை.

அவளும் சித்தியும் மேஜைக்கு வெள்ளை விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் தங்கையான சித்திக்கும் அதே ஆலையில்தான் வேலை, இஸ்திரிப் பிரிவில். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும்.

“அடியே, வந்துட்டாருடி புகைபோக்கி!” என்று சித்தி முணுமுணுத்தாள். “மோப்பம் பிடிச்சிட்டு வாங்கன்னு கம்பெனி அனுப்பியிருக்கும்.”

பாய்லர்காரர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். சலவைச் சட்டை, ஒட்ட வாரிய நரைமுடி. அக்குளில் காகிதம் சுற்றிய பெரிய பொட்டலம்.

“படம் கொண்டாந்தேன்மா. மாலை போடறதுக்கு.”

“எங்ககிட்டயே படம் இருக்கு” என்றாள் மகள் வெடுக்கென்று.

அவர் அதற்குள் காகிதத்தைப் பிரித்துவிட்டார். சட்டத்துக்குள் அம்மா, தலையைப் பின்னால் சாய்த்து, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் இருக்கும் படங்களில் எல்லாம் அம்மா யாரையோ குறுக்கு விசாரணை செய்யப்போகிறவள் மாதிரிதான் உட்கார்ந்திருப்பாள். இந்தச் சிரிப்பை யாருக்குச் சிரித்தாள்?

“இது எங்க எடுத்தது?”

“பாய்லர் ரூம்ல. என் போன்ல எடுத்தேன்.”

“எப்போ?”

அவர் தரையைப் பார்த்தார். “வேலைநிறுத்தம் நடந்தப்போ.”

“போச்சுடா!” சித்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “வெளிய நாங்க தொண்டைத்தண்ணி வத்தக் கத்திட்டிருக்கோம். எங்க அக்கா உள்ள வந்து உங்களோட சிரிச்சிட்டிருந்தாளா? ஊர் பேசறதுக்கு நீங்களே சாட்சியைச் சட்டம் போட்டுக் கொண்டாந்திருக்கீங்களே, மகராசா!”

மகள் படத்தையே பார்த்தாள். அப்படியானால் பேரம் நிஜம்தானா?

“படத்துல பின்னால பாருங்க” என்றார் அவர். “அம்மாவுக்குத் தோள்பட்டைக்கு மேல.”

சுவரில் வட்டமான ஆவி அழுத்தமானி. சித்தி முகத்தைச் சுளித்துக்கொண்டே குனிந்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

“என்னய்யா இது, ஊசி அடியில கெடக்கு? இந்த ஆவியில ஒரு கைக்குட்டை கூடத் தேயாதே.”

“தேயக் கூடாதுன்னுதான். நான் வெளிய வந்திருந்தா அவன் வேற பாய்லர்காரனைப் போட்டிருப்பான். நீங்க உள்ளயே இருங்க, புகை வரட்டும், ஆவி மட்டும் ஏறக் கூடாதுன்னு அம்மாதான் சொன்னாங்க.”

சித்தி மேஜை விரிப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஆமாடி! எங்களுக்குப் பதிலா வேலை செய்ய வெளியாளுங்க வேன்ல வந்து இறங்கினாங்க. ஒரு துணி கூட மடிக்காமத் திரும்பிப் போனாங்க. பாய்லர் மக்கர் பண்ணுதுன்னு நாங்க கை தட்டினோமே தவிர, ஏன்னு ஒருத்தி கேக்கலையே!”

“அம்மா எதுக்குச் சிரிக்கறாங்க?” மகளின் குரல் இறங்கியிருந்தது.

“மேனேஜர் வந்து பாய்லரைத் தடவிக் கொடுத்து, ‘கொஞ்சம் மனசு வைப்பா’ன்னு கெஞ்சிட்டுப் போனாரு. அதை நடிச்சுக் காட்டினேன்.”

சித்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகள் சிரிக்கவில்லை.

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“சொன்னா என் வேலை போயிடும்னு அம்மா வாயைக் கட்டிட்டாங்க. இப்பதான் ஓய்வு வாங்கிட்டேனே. கூட்டத்துல நானே எழுந்து சொல்லிடறேன்மா. அவங்க பேருக்கு ஒரு சொல் வரக் கூடாது.”

இனி யார் எழுந்து கேட்டாலும் பதில் இருக்கிறது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லியும் அவர் நகரவில்லை. சட்டத்தின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றார். மகளின் புருவம் மறுபடி ஏறியது.

“இதுக்கு மட்டும்தான் வந்தீங்களா?”

“இல்ல. உங்க அம்மாகிட்ட ஒண்ணு கேட்டேன். ‘எனக்குச் சம்மதம், ஆனா என் மகள்கிட்ட நீங்களே கேளுங்க’ன்னுட்டாங்க. உங்க தெருமுனை வரைக்கும் எத்தனையோ தடவை வந்திருக்கேன். நீ பாக்கற பார்வையில காலு பின்னுக்குப் போயிடும். இப்பக் கேட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல. கேக்காம இருந்தாலும் நெஞ்சு அடைக்குது.”

சித்தி சத்தமில்லாமல் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

அவர் படத்தை மேஜையில் நிமிர்த்தி வைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மகளை நேராகப் பார்த்தார்.

“உங்கம்மாவை நான் கல்யாணம் பண்ணிக்கட்டுமா?”