இரண்டாவது சோதனைக்கு முன்

...கேட்டிருக்கக் கூடாது, மூன்று மணி வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனை, இரண்டிலும் மூளை இறந்துவிட்டது என்று டாக்டர் எழுதிய பிறகுதான் உறவினரிடம் உறுப்பு தானம் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டும், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பதினொரு வருடமாக அவளே சொல்லிக்கொடுக்கிற விதி... முதல் சோதனை முடிந்த கையோடு போய்க் கேட்டுவிட்டாள். ஏன்? கழுத்தில் டை கட்டிய அந்த ஆளைப் பார்த்த பதற்றம். போட்டி அலுவலகத்து ஆள், காலையிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், விருந்துக்கு வந்தவன் மாதிரி. "என்னக்கா, எங்களுக்கும் ஒண்ணு ரெண்டு விட்டு வைங்க." உறுப்பு தானத்துக்குச் சம்மதம் வாங்க ஒரே வட்டாரத்துக்கு இரண்டு அலுவலகம், போட்டி இருந்தால்தான் தானம் பெருகும் என்று அரசு கொண்டுவந்த ஏற்பாடு, வருடக் கடைசியில் சம்மதம் குறைந்த அலுவலகத்துக்கு உரிமம் ரத்து, விதியை மீறினாலும் ரத்து. மேலாளர் போனில் சொன்னார், "விதியையும் தாண்டாதீங்க, அவங்களையும் முந்த விடாதீங்க." எப்படி சார்? "அதைத்தான்மா நானும் மேல கேட்டேன், ரெண்டையும் செய்யுங்கன்னாங்க." தானம் நல்ல காரியம்தானே, ஒருவனால் ஐந்து பேர் பிழைப்பார்களே... இதைச் சொல்லித்தானே எத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், இன்றும் உட்கார்ந்தாள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவனின் அக்கா முன்னால். அந்த அக்கா தம்பியின் செருப்பைப் பையில் வைத்து மடியில் பிடித்திருந்தாள், எழுந்தால் போட்டுக்கொள்வான் என்று. கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப அவன் போயிட்டானா மேடம்?" இன்னொரு சோதனை இருக்கிறது என்று அப்போதாவது இவள் சொன்னாளா? தலையை ஆட்டினாளா, குனிந்தாளா, அதுகூட நினைவில்லை, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

இப்போது மூன்று மணி. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் சுவாசக் கருவியைக் கழற்றுகிறார், பத்து நிமிடம் பார்ப்பார்கள், தானாக மூச்சு வந்தால் மூளையில் உயிர் இருக்கிறது... அக்கா ஓடி வந்து பக்கத்தில் நிற்கிறாள், நர்ஸ் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. "இன்னொரு டெஸ்ட் இருக்காமே! அதுக்குள்ள ஏன் மேடம் கேட்டீங்க? போயிட்டான்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனே... மூச்சு விட்டுட்டான்னா?" மூச்சு விட்டுவிட்டால் புகார், விசாரணை, உரிமம், உயிரோடு இருந்தவனுக்குக் கையெழுத்து வாங்கியவள் என்ற பெயர், விடாவிட்டால்... விடாவிட்டால் ஒன்றுமில்லை, சம்மதப் படிவத்தில் நேரத்தை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளலாம், யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்றாவது நிமிடம். அக்காவின் கை அவள் கையைப் பிடிக்கிறது, ஈரமாக, கோபம் மறந்து, பிடித்துக்கொள்ள வேறு கை இல்லாமல். "நீங்களும் வேண்டிக்கோங்க மேடம்." ஐந்தாவது நிமிடம், போர்வை அசைந்ததா, விசிறிக் காற்றா... வேண்டாம், வேண்டாம், என்று உள்ளே ஒரு குரல் வெகுநேரமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குக் கேட்டது, எது வேண்டாம் என்பதும் தெரிந்தது, அவன் மூச்சு... அந்தக் கையை அவள் விடவில்லை.