மேடம் போட முடியாத ஆர்டர்

தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் தப்ரேஸுக்கு ஒரு காலத்தில் சர்க்கார் ஆள் என்றாலே வேப்பங்காய். கூட வேலை பார்த்த கண்ணாவை ஏதோ வாய்ச்சண்டையில் இரும்பு ஸ்கேலால் அடித்து மண்டையை உடைத்திருந்தான். கோர்ட்டில் ஒத்துக்கொண்டதால் ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒரு வருஷம் நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதிகாரி பக்கத்து மாட்டுங்காக்காரர், விஜயலக்ஷ்மி. வசவுக்குத் தயாராகத்தான் முதல் நாள் போனான். அந்த அம்மாளோ, "உட்காருங்கோ" என்று நாற்காலியைக் காட்டினார். போலீஸ் ஸ்டேஷனில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் தரைதான். வீட்டுக்கு விசாரிக்க வந்த அன்றும், தான் யாரென்று சந்துக்காரர்களிடம் அவர் மூச்சு விடவில்லை. அப்புறம் மாதாமாதம் முதல் திங்களன்று தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாக, பத்து மணி ஆபீசுக்கு ஒன்பதரைக்கே போய் நின்றான். மாமியார் வீட்டு விருந்துக்குக்கூட மனுஷன் அப்படிப் போனதில்லை.

வீடுதான் காலியாகக் கிடந்தது. மனைவி சஃபீனா, மகள் அஸ்ரினைத் தூக்கிக்கொண்டு மாஹிமில் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாகிறது. இன்னமும் மூன்று பேருக்கு அரிசி களைந்துவிட்டு, பானையைப் பார்த்தபடி நிற்பான். அந்த ஏக்கம் அவனை அரித்துத் தின்றது.

கடைசித் திங்களன்று கேட்டேவிட்டான்.

"மேடம், சஃபீனா வீட்டுக்கு வரணும்னு நீங்க ஒரு ஆர்டர் போடுங்க. சர்க்கார் சொன்னா கேப்பா."

விஜயலக்ஷ்மி சிரிக்கவில்லை. "அவ என்ன தப்பு பண்ணினா, நான் ஆர்டர் போட? எனக்கு அந்த அதிகாரம் கிடையாது, தப்ரேஸ்."

"ஒங்ககிட்ட ஒரு பொய்கூடச் சொல்லலியே மேடம்."

சொன்ன பிறகு அவனுக்கே சுருக்கென்றது. மேடத்திடம் முதல் நாளே உண்மையைச் சொல்லியாயிற்று. சஃபீனாவிடமோ, 'நான் அடிக்கல, வக்கீல் சொன்னாருன்னு ஒத்துக்கிட்டேன்' என்று அஸ்ரின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான். மறுநாளே பட்டறையில் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அவள் போனது அந்தச் சத்தியத்துக்காகத்தான்.

கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு மாஹிமுக்கு பஸ் ஏறினான். மாமியார் வீட்டுக் கதவு சங்கிலி நீளத்துக்குத்தான் திறந்தது. இடுக்கில் சஃபீனாவின் பாதி முகம்.

"நாந்தான் அடிச்சேன் சஃபீனா. பிள்ள தலைல கை வச்சுப் பொய் சொல்லிட்டேன்."

சங்கிலியை எடுக்காமலே கேட்டாள். "ஒங்க மேடம் சொல்லச் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லல. கேஸு இன்னையோட முடிஞ்சிட்டு."

அவள் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான் என்று அவன் திரும்பினான். சங்கிலியைக் கழற்றக் கதவை ஒருமுறை சாத்தித்தான் ஆகவேண்டும் என்று, அது திறந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.