டிரைவருக்கு வந்த அருள்

டமார்!

காஜா பெராங் சாலையில், அம்மன் கோயிலுக்கு நேர் எதிரே பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. வெள்ளிக்கிழமைக் காலை, கோயிலில் நல்ல கூட்டம். பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெரியவரின் மடியில் இருந்த கோழி மட்டும் சமயம் பார்த்து ஜன்னல் வழியாகத் தப்பியது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிய டிரைவர் மருதமுத்துதான் நிற்க முடியாமல் போனான். முழங்கால் மடிந்து தார்ச்சாலையிலேயே உட்கார்ந்தான். உடம்பு உதறியது. மூச்சு இரைத்தது. கண் செருக, வாய் எதையோ முணுமுணுத்தது.

“ஆத்தா இறங்கிட்டாடி!” என்று கோயில் வாசலிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அவ்வளவுதான். குலவைச் சத்தம் எழுந்தது. ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் அவன் தலையில் விழுந்தது. பூசாரி அப்பாசாமி தட்டோடு ஓடிவந்து நெற்றி நிறையத் திருநீற்றை அப்பி, “தாயே, என்ன குறை வச்சோம்? சொல்லு” என்று கைகட்டி நின்றார்.

மருதமுத்துவுக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு குறைதான். மூச்சு வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ரப்பர்க் காட்டுச் சாலையில் துப்பாக்கிக்காரர்கள் அவன் பேருந்தை மறித்தார்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு வண்டியைக் கொளுத்தினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிழைத்து வந்தவன் என்று ஊரே அவன் கையைப் பிடித்துக் குலுக்கியது. அவனும் சிரித்துக்கொண்டே குலுக்கினான். வெகுநாள் கழித்து, பாசாரில் யாரோ தகரப் பெட்டியைக் கீழே போட்டபோது முதல் தடவையாக இப்படி ஆயிற்று. அதன்பின் சத்தம் இல்லாமலும் வர ஆரம்பித்தது.

இது கண்டக்டர் யூனுஸ் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் சொல்லித்தந்த வைத்தியம் எளிமையானது. வரப்போகிறது என்று தெரிந்ததும், போகிற வழியில் உள்ள நிறுத்தங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். பண்டார் ஹிலிர், காஜா பெராங், செங், குருபோங். கடைசி நிறுத்தம் வருவதற்குள் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும்.

கம்பெனிக்குத் தெரிந்தால் வண்டி ஓட்ட விடமாட்டார்கள். அதைவிடப் பெரிய பயம் ஊர் வாய். ‘மருதமுத்துக்குப் பைத்தியம், கிலாவாயிட்டான், தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க’ என்று ஒருவன் ஆரம்பித்தால் போதும், பெண்டாட்டி ருக்மணி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போக முடியாது.

இப்போது அம்மனே வந்து குடை பிடித்தது போல ஆயிற்று. நடுங்கினால் அருள். வியர்த்தால் அருள். கம்பெனியின் தலைமைக் கிளார்க் பயபக்தியோடு வெள்ளிக்கிழமைக் காலைகளில் ஓய்வு கொடுத்தார். ருக்மணி வீட்டைக் கழுவிக் கோலம் போட்டாள். யூனுஸ் மட்டும், “அண்ணே, இனிமே ஒங்கள அண்ணேன்னு கூப்பிடலாமா, இல்ல கும்பிட்டுட்டுத்தான் பேசணுமா?” என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை தோறும் குறி கேட்கக் கூட்டம் சேர்ந்தது. உறுமி மேளம், கற்பூரப் புகை, நெரிசல். மருதமுத்துவுக்கு வேறென்ன வேண்டும்? தானாகவே மூச்சு அடைத்தது. நிறுத்தங்களை முணுமுணுத்தான். மாட்டைத் தொலைத்த சேதுபதியின் காதில் ‘குருபோங்’ விழுந்தது. போய்ப் பார்த்தார், மாடு அங்கே மேய்ந்துகொண்டிருந்தது. மெர்டேக்கா என்று சுதந்திரம் வரப்போகிறதே, ஊருக்குக் கப்பலேறுவதா இங்கேயே இருப்பதா என்று கேட்டவருக்கு ‘செங்’ கிடைத்தது. அவர் குடும்பத்தோடு செங்குக்குக் குடிபோனார்.

இப்படியே போயிருக்கும். பலகாரக்கார அஞ்சலை வராமல் இருந்திருந்தால்.

அஞ்சலையின் மகள் சீதாவுக்குப் பிறந்த குழந்தை ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அதன்பின் சீதா தலை வாரவில்லை. ஊட்டினால் சாப்பிட்டாள். அழவும் இல்லை, பேசவும் இல்லை. புருஷன் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளைத் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டான். அப்பாசாமி வந்து பார்த்து, முனி பிடித்திருக்கிறது என்றார். மிளகாய்ப் புகை போட்டு, வேப்பங்குச்சியால் நாலு சாத்து சாத்தினால் ஓடிவிடும். ஆனால் தாய்மை கண்ட உடம்பு. அம்மன் உத்தரவில்லாமல் கை வைக்கக் கூடாது. உத்தரவு மருதமுத்துவின் வாயிலிருந்து வர வேண்டும்.

“வர்ற வெள்ளிக்கிழமை சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு சாமி” என்று அஞ்சலை அவன் காலில் விழுந்தாள். அதுவரை அவனைத் தம்பி என்று கூப்பிட்டவள்.

அன்று சாயங்காலம் மருதமுத்து ருக்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்டாள். நடுவில் ஒரு தடவை கை நின்றது.

“இத்தன நாளா எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா?”

“சொன்னா நீ பயந்துருவேன்னு...”

“நல்லா பயந்தீங்க, ரெண்டு பேருக்கும் சேத்து.” அவள் மறுபடியும் பிழிந்தாள். “இப்ப வெளிய சொன்னா வேலை போகும். புகை வேணாம்னு ஆத்தா சொன்னதா சொல்லிடுங்க. முடிஞ்சுபோச்சு. யாருக்குத் தெரியப் போகுது?”

நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. சீதாவைத் தூணோரம் உட்கார வைத்தார்கள். உறுமி அதிர்ந்தது. கற்பூரம் எரிந்தது. கூட்டம் நெருக்கியது. மருதமுத்து காத்திருந்தான். உடம்பு அசையவே இல்லை. மூச்சு சீராக வந்தது. வேண்டாத இடத்திலெல்லாம் வந்து மானத்தை வாங்கியது, வேண்டிய இடத்தில் வர மறுத்தது.

வேறு வழியில்லாமல் தோளைக் குலுக்கிப் பார்த்தான். குளிரில் நடுங்குகிறவன் மாதிரி இருந்தது.

“இன்னும் வரல, வேகமா அடி!” என்றார் அப்பாசாமி உறுமிக்காரனிடம். நேரத்தை வீணாக்காமல் தணல் சட்டியைச் சீதாவின் முன்னால் நகர்த்தி, ஒரு பிடி மிளகாயைக் கையில் எடுத்துக்கொண்டார். சீதா சட்டியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை, பின்னால் நகரவுமில்லை.

மருதமுத்து எழுந்துபோய் அப்பாசாமியின் மணிக்கட்டைப் பிடித்தான்.

“போடாதீங்கய்யா.”

“அது ஆத்தா உத்தரவா?”

‘ஆமாம்’ என்று சொல்லலாம். ஒரு சொல்தான். ஆனால் இந்தக் குரல் ஆத்தாவின் குரல் மாதிரி இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிடிக்குள் அப்பாசாமியின் கை இன்னும் திமிறிக்கொண்டிருந்தது.

“இல்ல. நான்தான் சொல்றேன். எனக்கு ஆத்தாவும் வரல, யாரும் வரல. இத்தன நாளும் எனக்கு வந்தது பயம்.”

உறுமி நின்றது.

“சன்னதியில நின்னு என்னா பேச்சு பேசுற?” அப்பாசாமி பல்லைக் கடித்தார். “அப்ப நீ சொன்ன வாக்கெல்லாம்?”

“பஸ் ஸ்டாப்புங்கய்யா.”

“அப்போ என் மாடு?” என்றார் கூட்டத்திலிருந்து சேதுபதி.

“அது தானா நடந்து போயிருக்கும்ணே.”

யாரோ சிரித்தார்கள். யாரோ, “கிலா” என்றார்கள். கும்பிட வந்திருந்த தலைமைக் கிளார்க் நெற்றித் திருநீற்றை மேல்துண்டில் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நாளைக்கு வண்டிச் சாவி கைக்கு வராது என்பது மருதமுத்துவுக்கு அந்த முதுகிலேயே தெரிந்தது. ருக்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். புடவைத் தலைப்பால் கையைச் சுற்றி, தணல் சட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

“அப்ப என் பொண்ணுக்கு என்னாதான் தம்பி?” அஞ்சலை அழுதாள்.

“எனக்குத் தெரியாதுக்கா. முனி இல்லன்னு மட்டும் தெரியும்.”

அவன் சீதாவின் எதிரே தரையில் உட்கார்ந்தான். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. யூனுஸிடம்கூட முழுதாகச் சொல்லாததைச் சொன்னான். “எனக்கு இங்க, நெஞ்சுல, அடைக்கும்மா. கை மரத்துப் போகும். ஒரு காரணமும் இருக்காது; சோறு தின்னுக்கிட்டிருப்பேன், திடீர்னு இப்பவே செத்துருவோம்னு பயம் வந்துரும். சாவப் போறவன் மாதிரியே நடுங்குவேன். அப்புறம் போயிரும். மறுநாளும் வரும்.”

கூட்டம் பாதி கலைந்திருந்தது. அப்பாசாமி மிளகாயை மறுபடியும் பொட்டலத்தில் கட்டிக்கொண்டிருந்தார். சீதா தலையை மெல்ல நிமிர்த்தினாள். பல நாள் பேசாத தொண்டை. முதல் சொல் காற்றாகத்தான் வந்தது. அவள் எச்சில் விழுங்கிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள்.

“செத்துருவோம்னு ஒங்களுக்குப் பயமாவது வருது, மாமா. எனக்கு அந்தப் பயமே வர மாட்டேங்குது.”