ஓர்லா டீச்சர் பொய் சொல்ல மாட்டார்

சீனாவின் ஹுனான் மாகாணத்தில், மலையடிவாரத்தில் இருந்த அந்த உறைவிடப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அயர்லாந்திலிருந்து வந்த ஓர்லாவுக்கு அது ஆறாவது வருடம். வந்த புதிதில் அவள் செய்த கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. துணை முதல்வர் கரும்பலகையில் எழுதிய வாக்கியத்தை எல்லோர் முன்னாலும் திருத்தினாள். அந்தப் பருவம் முழுக்க மனிதர் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் "என் பையன் எப்படி?" என்று கேட்டார். "சோம்பேறி" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். மறுநாள் பையனின் கன்னத்தில் விரல் தடம் இருந்தது. அன்றிலிருந்து வாயை அடக்கப் பழகினாள். ஆனால் பிள்ளைகளிடம் பெயர் நிலைத்துவிட்டது, ஓர்லா டீச்சர் பொய் சொல்ல மாட்டார் என்று.

கடைசி வருட மாணவர்களின் பொறுப்பாசிரியை ஷென் அவளுக்கு அக்கா மாதிரி. "என்னடி, லீவுல நல்லா உருண்டு திரண்டு வந்திருக்கே!" என்றுதான் வரவேற்பாள். அது அன்பு என்று ஓர்லாவுக்குப் புரியவே வெகுநாளானது.

அந்த வசந்தத்தில் ஒரு நாள் ஷென் அவளை மாடிப்படி மூலைக்கு இழுத்துப் போனாள்.

"நம்ம ருய்லினோட அம்மாவுக்குக் கணையத்துல புத்துநோய். டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்க."

ருய்லின் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் அம்மா ச்யூமெய் தொலைவில் குவாங்தோங் மாகாணத்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள்.

"ருய்லினுக்குத் தெரியுமா?"

"தெரியவே கூடாது. ஜூன்ல காலேஜ் நுழைவுப் பரீட்சை முடியட்டும்."

"அதுவரைக்கும் இருப்பாங்களா அக்கா?"

ஷென் படியில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல இப்படிச் செய்ய மாட்டோம்."

"தெரியும். அதனாலதான் அந்த அம்மா உன்னைப் பாக்கணும்னு சொல்றா. கிளம்பு."

ச்யூமெய் குவாங்தோங்கில் இல்லை. பள்ளியிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, மாவட்ட மருத்துவமனையில் கிடந்தாள். காலையில் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்யும்போது போடும் பாட்டு அந்த ஜன்னல்வரை கேட்கும். அது கேட்கும் நேரத்தில் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வாள் என்று நர்ஸ் சொன்னாள்.

"வாங்க டீச்சர். சாப்பிட்டீங்களா?" என்றாள் ச்யூமெய். மஞ்சள் பூத்த கையால் ஒரு ஆரஞ்சை உரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஃபோன் பண்ணா எப்பவும் உங்க பேச்சுதான். நாங்க யார் என்ன சொன்னாலும் அவ நம்ப மாட்டா. நல்லதுக்குன்னு வீட்டுல மறைப்பாங்கன்னு அவளுக்குத் தெரியாதா? உங்ககிட்டதான் வந்து நிப்பா. கேட்டா, நான் நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"உங்களுக்கு அவளைப் பாக்கணும்னு இல்லையா?"

"இல்லாமலா?" ச்யூமெய் சிரிக்க முயன்றாள். "அவ ஸ்கூல் சேந்த நாள்லேர்ந்து செருப்புக்குப் பசை தடவினேன். வருஷத்துக்கு ஒரு தடவை, புத்தாண்டுக்குத்தான் முகத்தைப் பாப்பேன். எல்லாம் இந்தப் பரீட்சைக்குத்தானே? இந்தக் கோலத்துல என்னைப் பாத்துட்டுப் போய் ஒரு வரி எழுதுவாளா? போறவ நான் தனியாப் போறேன். அவ படிப்பையும் கையோட கூட்டிக்கிட்டுப் போகணுமா?"

ஓர்லாவின் தகப்பனார் இறந்தபோது அவள் சின்னப் பெண். முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஊரே வந்து தேநீர் குடித்து, அவரைப் பற்றிப் பேசிச் சிரித்து அழுதது. யாரோ அவளைத் தூக்கி அவர் நெற்றியில் கை வைக்கச் சொன்னார்கள். அந்தச் சில்லிப்பில்தான் அப்பா போய்விட்டார் என்பது அவளுக்குள் இறங்கியது. இதையெல்லாம் ச்யூமெய்யிடம் சொல்ல வாயெடுத்தாள். ச்யூமெய்யின் கண்கள் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை.

"சரி" என்றாள்.

ச்யூமெய் அவள் கையை விடவே இல்லை. நர்ஸ்தான் வந்து பிரித்தாள்.

மே மாதம் பிறந்தது. ஒரு மத்தியானம், வகுப்பு கலைந்த பிறகு ருய்லின் மட்டும் நின்றாள்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணா அம்மா பேச மாட்டேங்கறாங்க. பெரியம்மாதான் எடுக்கறாங்க. அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்காம். ஒரு தொண்டை இவ்வளவு நாளாவா கட்டும்?"

ஓர்லா கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எங்க ஆளுங்க கூடிப் பேசி ஒரே கதையைச் சொல்வாங்க. நீங்க அப்படி இல்ல. ஷென் டீச்சர் உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டாங்க. சொல்லுங்க, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே? ஏதாவதுன்னா நான் இப்பவே பஸ் ஏறிடுவேன். பரீட்சை அடுத்த வருஷமும் வரும்."

ஓர்லா திரும்பினாள். முகத்தை எப்படி வைத்துக்கொண்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

"நல்லா இருக்காங்க. தொண்டைதான். நீ படி."

ருய்லினின் தோள்கள் தளர்ந்தன. "அப்பாடா!" என்று சிரித்தாள். அதுவரை அவளைத் தொட்டே பேசாத பெண், ஒரு கணம் அவள் தோளில் நெற்றியைச் சாய்த்துவிட்டு ஓடினாள்.

அடுத்த வாரம் ச்யூமெய் இறந்துபோனாள்.

வெடிச்சத்தம் பிள்ளை காதுக்கு எட்டிவிடக் கூடாதென்று வெடியில்லாமலே காரியம் நடந்தது. ஊர்வலத்தில் மகள் ஏந்த வேண்டிய அம்மாவின் படத்தைப் பெரியம்மா ஏந்தினாள். ஓர்லா சடங்கு முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்து பாடம் எடுத்தாள். முன் வரிசையில் ருய்லின் ஏதோ வேடிக்கை சொல்ல, வகுப்பே சிரித்தது. ஓர்லாவும் சிரித்தாள்.

பரீட்சை முடிந்த சாயங்காலம் வாசலில் ஒரே கூட்டம். பூங்கொத்தும் கையுமாகத் தகப்பன்மார்கள், ராசிக்காகச் சிவப்பு உடுத்திய தாய்மார்கள். ருய்லினின் பெரியம்மாவும் சிவப்பில்தான் வந்திருந்தாள். ருய்லின் துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா எங்க? வருவாங்கன்னு சொன்னீங்களே பெரியம்மா!"

ருய்லினின் தகப்பன் பூங்கொத்தை அவள் கையில் கொடுத்தார். எதிரே பழக்கடையோரம் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். ஓர்லா வாசலில் நின்றாள். சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, ருய்லினின் அலறல் கேட்டது. கூட்டத்தில் இருந்த எத்தனையோ அம்மாக்கள் திரும்பிப் பார்த்து, புரிந்துகொண்டு, தங்கள் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

மதிப்பெண் வந்தது. மாவட்டத்திலேயே ருய்லினுக்குத்தான் முதலிடம். சான்றிதழ் வாங்க வந்தவள் ஓர்லாவின் அறைக் கதவைத் தட்டினாள். உட்காரவில்லை.

"நான் கேட்ட அன்னிக்கு அம்மா உயிரோட இருந்தாங்க."

"ஆமாம்."

"இங்கேயே. ரெண்டு ஸ்டாப் தள்ளி."

"ஆமாம், ருய்லின்."

"அப்பா மேல எனக்குக் கோவம் இல்ல. பெரியம்மா மேலயும் இல்ல. அவங்களால அப்படித்தான் முடியும். எனக்கு ஒரு பிள்ளை இருந்தா நானும் அதையேதான் செய்வேனோ என்னவோ. அதுக்காகத்தானே டீச்சர் உங்ககிட்ட வந்தேன்?"

"உங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க."

"நானும்தான் கேட்டேன்."

மன்னிப்புக் கேட்டால் ச்யூமெய்க்குத் துரோகம், கேட்காவிட்டால் எதிரே நிற்பவளுக்கு. ருய்லின் ஆசிரியருக்குச் செய்ய வேண்டிய முறைப்படி குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

அந்த வார இறுதியில் பள்ளி முதல்வர் விருந்து வைத்தார். உணவுத் தட்டுகளைச் சுமந்த சுழல்மேசை சுற்றிக்கொண்டிருந்தது. மிளகாய் மிதக்கும் மீன் தலை, புகை போட்ட பன்றிக்கறி எல்லாம் வந்தன. முதல்வர் கோப்பையோடு எழுந்து ஓர்லாவிடம் வந்தார்.

"இத்தனை வருஷம் நீங்க எங்களுக்கு விருந்தாளி. இனிமே எங்க ஆளு!"

எல்லோரும் கைதட்டினார்கள். இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை தவம் கிடந்திருக்கிறாள்! கோப்பையைக் காலி செய்தாள். பிறகு கழிவறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் ஷென் வந்து கதவைத் தட்டினாள்.

"ஓர்லா, நீ செஞ்சதுதான் சரி. அவளுக்குக் கோவம் ஆறிடும்."

"ஆறலைன்னா?"

ஷென் மறுபடியும் கதவைத் தட்டினாள். "வாடி" என்றாள் கடைசியில். "சூப் ஆறுது."

ருய்லின் ஷாங்காயில் மருத்துவம் சேர்ந்தாள். புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஷென்னுக்கு வாழ்த்து அனுப்புவாள். ஷென் அதை ஓர்லாவுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டுவாள். தன் பெயர் வருமா என்று ஓர்லா ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கேட்பாள்.