கெசியா கல்யாணத்தில் நிற்காத மணி

சிட்லபாக்கம் ஏரிப் பக்கத்துச் சர்ச் ஒன்றில் மணி அடிப்பது கம்ப்யூட்டர்தான். புரோகிராம் எழுதியவள் பாடகர் குழுவில் இருக்கும் ஆஷா. கிண்டியில் சாப்ட்வேர் வேலை. அதில் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் இரண்டு வேலைகளை, அதாவது இரண்டு த்ரெட், வைத்திருந்தாள். ஒன்று மணியை அடித்துக்கொண்டே இருக்கும். மற்றது ஒரு நிமிடம் காத்திருந்து அதை நிறுத்தும்.

கெசியாவின் திருமணத்தில் போதகர் பிரசங்கத்தை ஒருவழியாக முடித்து, வாக்குறுதிக்கு வந்திருந்தார். ஐந்து மணிக்கு அடிக்க வேண்டிய மணி அப்போதே அடித்தது. சபைச் செயலாளர் வேதசிரோமணி செல்போனைப் பார்த்தார். நாலே முக்கால்கூட ஆகவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இது பொறுக்குமா? அலுவலக அறைக்கு ஓடி, மணி அடிக்கும்போதே கம்ப்யூட்டரின் நேரத்தைப் பின்னால் தள்ளிச் சரிசெய்தார்.

மணி நிற்கவில்லை.

போதகரின் உதடு மட்டும் அசைந்தது. மாப்பிள்ளை ஜெர்சன், "என்ன பாஸ்டர்?" என்று கத்தினான். யாரோ மெயினை அணைத்தார்கள். மின்விசிறிகள் நின்றன, இன்வெர்ட்டர் தயவில் மணியும் ஒலிபெருக்கியும் நிற்கவில்லை.

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிடாதீங்க!" என்று அலறினாள் மணமகளின் தாய் ஹில்டா. "மஸ்கட்ல பெரியவ லைவ்ல பாத்துட்டிருக்கா!"

ஆஷா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலுவலக அறைக்கு ஓடினாள்.

"அங்கிள், எதைத் தொட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தப்பா இருந்த டைமைத் திருத்தினேன்."

"மணி அடிக்கிறப்பவா?"

"அப்பதானே தப்புன்னு தெரிஞ்சுது!"

ஆஷாவுக்கு விஷயம் புரிந்தது. நிறுத்தும் த்ரெட் நிமிடத்தை எண்ணவில்லை. 'கடிகாரம் ஐந்து மணி ஒரு நிமிடம் காட்டினால் நிறுத்து' என்றுதான் எழுதியிருந்தாள். கடிகாரம் பின்னால் போனதில் அந்த ஐந்து ஒன்றும் தள்ளிப் போயிருந்தது.

"பழைய தப்பு டைமையே வைங்க அங்கிள்."

"தெரிஞ்சே தப்பா? சர்ச்சுலயா?"

"வைங்க அங்கிள்!"

முகத்தைச் சுளித்தபடி வைத்தார். அந்தக் கணக்கில் ஐந்து ஒன்று எப்போதோ தாண்டியிருந்தது. மணி சட்டென்று நின்றது. அதை மீறிக் கேட்க வேண்டுமே என்று ஜெர்சன் தொண்டை கிழியக் கத்திய "சம்மதம்!" மட்டும் ஒலிபெருக்கியில் தெருவரை போனது.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர், "இன்னா அவசரம் மாப்ளைக்கு!" என்றார்.

கெசியா சிரித்ததில் கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. தன் முறை வந்தபோது மெல்லத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

திங்கட்கிழமை காலை ஆஷா புரோகிராமைத் திருத்தினாள். யார் நேரத்தை மாற்றினாலும் கண்டுகொள்ளாமல், முன்னோக்கி மட்டுமே ஓடும் இன்னொரு கடிகாரம் கம்ப்யூட்டருக்குள் உண்டு. ஒரு நிமிடத்தை இனி அதை வைத்தே அளக்கும்படி மாற்றினாள்.

பின்னால் நின்று பார்த்த வேதசிரோமணி கேட்டார்: "இவ்வளவு நல்ல கடிகாரம் உள்ளயே இருக்கு. முதல்லயே இதை ஏம்மா வைக்கல?"

ஆஷா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவர் வாங்கி வைத்திருந்த காபியைக் குடித்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனாள்.